ராஜகனி குளித்துக்கொண்டிருக்கிறாள்

மூன்றாவது ஆள் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது, அடுத்தது நான், நான் எங்கே, ராஜகனி, சுவரில் பசை காயாமல் ஒட்டியிருக்கிற தாளில் நாலாவது வரி அவள்தான், த. ராஜகனி, விருதுநகர், நாவல், 'புதன்கிழமை ஊசி', அதில் அந்தத் 'த' மட்டும்தான் நான், தங்கப்பழம், அவள் பேருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நாற்பத்தாறு வருஷம் நின்றாயிற்று, இன்றைக்கு அந்த ஒற்றை எழுத்து காலையில் ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்து மதுரைக்கு வந்து மோட்டார் பம்பு கடைக்கு மேல்மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, கீழே எவனோ மோட்டாரை ஓட்டிப் பார்க்கிறான், தரை அதிர்கிறது, அதிர்வு நாற்காலிக் கால் வழியாக ஏறி என் முதுகைச் சொறிந்துவிடுகிறது, சுகமாகத்தான் இருக்கிறது, சுகமாக இருப்பதற்கு நான் வரவில்லை. அவள் செத்து ஐந்து மாசம் ஆகிறது. இந்தக் கட்டடத்தில் அது யாருக்கும் தெரியாது. மெர்சி ஃப்ளோராவுக்குத் தெரியாது, உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற மூன்று நடுவர்களுக்குத் தெரியாது, பக்கத்து நாற்காலியில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு முழங்காலை ஆட்டிக்கொண்டே இருக்கிற இந்த மனுஷனுக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் போன் வந்தது அவள் போன பதினெட்டாம் நாள். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து மகன் கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டான், பந்தல்காரன் வந்து கடைசிக் கம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தான், அவளுடைய போன் அலமாரிக்குள்ளிருந்து அடிக்கிறது, எடுத்தேன், "ராஜகனி மேடம் இருக்காங்களா?" என்று ஒரு பெண் குரல், நான் வாயைத் திறந்தேன், "குளிக்கிறா" என்றேன். அவ்வளவுதான். யோசித்துச் சொன்னதில்லை. முப்பத்திரண்டு வருஷம் அவள் கிராமத்து நர்ஸ், புதன்கிழமையானால் ஐஸ் பெட்டியில் மருந்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிட்டு வருவாள், வந்ததும் செருப்பை வாசலில் விட்டு நேரே கிணற்றடிக்குத்தான், ஐம்பது பிள்ளை எச்சில் மேலே இருக்கு என்பாள், அந்த நேரம் பார்த்து எவளாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நர்ஸம்மா இருக்காங்களா என்று வருவாள், குளிக்கிறா, இருங்க என்று சொல்லிச் சொல்லி என் நாக்கு அந்தத் தடத்தில் தானாக ஓடும். ஓடிவிட்டது. அந்தப் பெண் சிரித்தாள். "பரவால்ல ஐயா, மெதுவா வரட்டும், நான் மெர்சி ஃப்ளோரா, அறக்கட்டளையிலேருந்து பேசுறேன், அவங்க தை மாசம் அனுப்புன நாவல் முதல் இருபதுல வந்திருக்கு." நாவலா, யார் அனுப்பினது, எப்போது எழுதினாள், என் வீட்டிலேயா. மெர்சி விளக்கினாள், அச்சில் வராத நாவல்களுக்குப் போட்டியாம், கடைசியில் ஐந்து பேரைப் பொறுக்கி ஆளுக்கு ஒரு மூத்த எழுத்தாளரைத் துணைக்குக் கொடுப்பார்களாம், ஆறு மாசம் அவரோடு உட்கார்ந்து திருத்தி எழுதினால் அறக்கட்டளையே புத்தகமாகப் போடுமாம். "மேடம் உங்ககிட்ட சொல்லலையா ஐயா?" "சொல்லாம என்ன, நான்தானே பேனாவுக்கு மை ஊத்திக் கொடுத்தேன்" என்றேன். அவள் எழுதினது பால்பாயின்ட்டில். ஏழு நீள நோட்டு, ஓய்வு பெற்ற பிறகும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த அந்த நீல ஐஸ் பெட்டிக்குள் இருந்தது, அன்றைக்குச் சாயங்காலம்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மெர்சி எத்தனை தடவை பேசியிருப்பாள், பதினாலு, இருபது என்று சொல்ல வாய் வருகிறது, பதினாலுதான். இரண்டாம் தடவை, "என்ன ஐயா, மறுபடியும் குளிக்கிறாங்களா?" "அவ ஸ்ரீவைகுண்டத்துக்காரிம்மா, ஆத்துக்குள்ளயே பிறந்தவ, எங்க ஊருல தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வரும், வர்ற அன்னைக்கு அவளை வெளிய எடுக்கணும்னா தீயணைப்பு வண்டிக்குத்தான் சொல்லணும்." அப்படிச் சிரித்தாள் பாருங்கள். மூன்றாம் தடவை தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள், நாலாம் தடவை தொண்டையில் ஆபரேஷன், பேசக்கூடாது, எழுதிக் காட்டுகிறாள், ஐந்தாம் தடவை, இதோ பக்கத்தில்தான் இருக்கிறாள், என்னம்மா சொல்லணும், சொல்லு, தலையாட்டுகிறாள். அன்றைக்கு நிஜமாகவே பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மகன் போன் பண்ணினால் அம்மா இருந்தப்போ என்றுதான் ஆரம்பிக்கிறான், பால்காரன், பக்கத்து வீடு, பென்ஷன் ஆபீஸ், எல்லாருக்கும் அவள் இருந்தவள், மெர்சி ஒருத்திக்குத்தான் இருக்கிறவள். மேடத்துக்குத் தொண்டை இப்ப தேவலையா, மேடம் காபியா டீயா, வெயில் ஜாஸ்தியா இருக்கே, வெளிய விடாதீங்க. காபி, சர்க்கரை கம்மி என்றேன், அது ஒன்றாவது நிஜம். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் இரண்டு தம்ளரை எடுத்து, ஒன்றைத் திரும்பவும் கவிழ்த்து வைத்தேன்.

நோட்டை மூன்று நாளில் படித்தேன். படித்ததா, உதை வாங்கினதா. ஒரு நர்ஸ், பகல் முழுக்க ஊர்ப் பெண்கள் எல்லாம் அவளிடம் உண்மையையே சொல்கிறார்கள், யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருஷன் பொய்யாகச் சொல்கிறான். பிரஷர் குக்கர் விற்கிறவன், பேர் சொக்கலிங்கமாம், நான்தான், என் மூக்கு, என் பச்சை சட்டை, பீடியைக் காதில் செருகுகிறது கூட. அவள் அனுப்பின நகலில் நடுவர்கள் பென்சிலில் குறித்து அனுப்பியிருந்தார்கள், 'கணவர் பாத்திரம் நம்பும்படி இல்லை, ஒரு மனிதர் இவ்வளவு பொய் சொல்வாரா, குறைக்கலாம்' என்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் சொன்னதில் பத்தில் ஒரு பங்குதான் எழுதியிருக்கிறாள் ஐயா! அருப்புக்கோட்டையில் நான் செய்து காட்டின குக்கரின் மூடி பிய்த்துக்கொண்டு போய்ச் சாத்தூர் ஸ்டேஷனில் விழுந்தது, ஸ்டேஷன் மாஸ்டர் சத்தத்தைக் கேட்டு மெயில் வந்துவிட்டது என்று பச்சைக் கொடியைக் காட்டினார், மூடிக்குள் சோறு சூடாகவே இருந்தது, போர்ட்டர்கள் மூன்று பேர் சாப்பிட்டார்கள், இது வந்திருக்கிறது. தூத்துக்குடிக் கப்பலில் ஏறிக் குக்கர் விற்கப்போய் நடுக்கடலில் இறக்கிவிட்டது வரவில்லை. அதை ஏன் விட்டாள் தெரியவில்லை, நல்ல கதை அது.

குக்கர் மூடிக் கதையை அவள் வைத்த இடம் இருக்கிறதே, அங்கேதான் நான் நோட்டை மூடினேன், திறந்தேன், மூடினேன். எங்களுக்கு முதலில் ஒரு பெண் பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் கூடத்தில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தரும் பேசவில்லை, என் மாமனார் தரையில் கிடந்த நூலைக் கட்டை விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார், சுற்றுகிறார், எனக்கு அந்த அமைதி காதுக்குள் ஊசி மாதிரி இறங்குகிறது, இருபத்தெட்டு வயசு, நான் வாயைத் திறந்து அந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். மாமனார் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். இத்தனை வருஷமாக நான் அதைப் பெருமையாக நினைத்திருந்தேன், செத்த வீட்டைச் சிரிக்க வைத்தவன். அவள் எழுதியிருக்கிறாள், 'உள்ளே படுத்திருந்த நானும் சிரித்தேன். பால் கட்டியிருந்ததால் சிரிக்கும்போது மார்பு வலித்தது.' அவ்வளவுதான், அடுத்த வரியில் வேறு பேச்சு, யாரோ தண்ணீர் கேட்கிறார்கள். ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் ஆமாடி, அப்படித்தான் செஞ்சேன், இப்ப என்ன என்று ஐஸ் பெட்டியைப் பார்த்துக் கத்தியிருப்பேன். அவள் திட்டவில்லை. வலித்தது என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டாள், நான் அந்த வரியிலேயே நிற்கிறேன்.

ஆடி மாசம் மெர்சி சொன்னாள், எட்டுப் பேரில் மேடம் இருக்கிறார்கள், ஒரு அத்தியாயத்தைத் திருத்தி அனுப்ப வேண்டும், திருத்துகிற மனசு இருக்கிறதா என்று பார்க்க, எந்த அத்தியாயம் என்றால், அதே பத்தாம் நாள் அத்தியாயம். நான் என்ன செய்தேன். அவள் பேனாவை எடுத்தேன், அவள் கண்ணாடியைக்கூடப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் மங்கலாகத் தெரிந்தது, கழற்றிவிட்டு எழுதினேன். மார்பு வலித்ததை எடுத்தேன். கதை சொல்லி முடித்த கையோடு சொக்கலிங்கம் கொல்லைப்பக்கம் போய் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான் என்று போட்டேன், மனைவி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள் என்றும் போட்டேன், கம்ப்யூட்டர் சென்டரில் அடித்துக் கொடுத்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டது, அப்படியென்றால் நன்றாகத்தானே இருக்கிறது. பத்து நாளில் பதில் வந்தது, அட்டையில் அழகான கையெழுத்து, 'முதல் வடிவத்தில் கணவர் அழவில்லை. இப்போது அழுகிறார். முதலில் இருந்ததுதான் சரி. யாருக்குப் பயந்து மாற்றினீர்கள் அம்மா?' அதை எத்தனை தடவை படித்தேன், படிக்கப் படிக்க இன்னொரு கேள்வி உள்ளே கிடந்து உறுத்துகிறது, நான் அழுதேனா, அன்றைக்கு அழுதேனா. கொல்லையில் முருங்கை இருந்தது, அது நிஜம். நான் போனேனா. மரத்தின் சொரசொரப்பு உள்ளங்கையில் இருக்கிறது, கம்பளிப் பூச்சி கூட ஞாபகம் இருக்கிறது, ஆனால் அந்தக் கம்பளிப் பூச்சியை எழுதினதே நான்தான், எழுதினதால் ஞாபகம் இருக்கிறதா, ஞாபகம் இருந்ததால் எழுதினேனா, பார்த்தவள் ஒருத்திதான், அவளைக் கேட்டால் தெரியும்.

"அண்ணாச்சி, மணி என்ன?" பக்கத்து நாற்காலிக்காரர். பதினொன்றே கால். "நீங்க எந்த ஊரு?" சொன்னேன். அவர் தேவகோட்டையாம், இப்ராஹிம், அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக், விரல் நகக்கண்ணெல்லாம் கறுப்பு, கழுவிக் கழுவித் தோல் வெளுத்திருக்கிறதே தவிர கறுப்பு போகவில்லை. "நான் பட்டியல்ல இல்ல அண்ணாச்சி, ஆறாவது ஆளு. காத்திருப்புல முதல் பேரு. யாராச்சும் வரலன்னா எனக்கு. லீவு போட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன், ஒருத்தரு வராமப் போகணும்னு வேண்டிக்கிட்டு. அசிங்கமா இருக்கு." "இதுல என்ன அசிங்கம்?" "இந்த விருதுநகர் அம்மாவைத்தான் இன்னும் காணோம். ஆனா அந்தம்மா வரணும். அறக்கட்டளை எட்டுப் பேரு எழுத்துலேருந்தும் ஒவ்வொரு அத்தியாயம் எல்லாருக்கும் அனுப்பிச்சுதுல்ல, அதுல அவங்களுதைப் படிச்சேன். அந்தப் புருஷன்காரன் இருக்கானே," என்று சிரித்தார், "கையில கிடைச்சான்னா ஸ்பானராலயே ரெண்டு போடுவேன். ஆனா பாருங்க, அவன் புளுக ஆரம்பிச்சா அந்தம்மா அடுப்பைக் குறைச்சு வச்சுட்டு நின்னு கேக்குது. பால் பொங்கிரக்கூடாது, கதையும் விட்டுரக்கூடாது. என் பெண்டாட்டி நான் வாயைத் திறந்தாலே மிக்ஸியைப் போட்டுருவா." எனக்கு அது எந்த நோட்டில் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. அடுப்பைக் குறைத்தாளா. ஏழு நோட்டிலும் என்னைத் தேடித் தேடிப் படித்தேன், அவள் அடுப்பைக் குறைத்ததை நான் பார்க்கவே இல்லை, இந்த மெக்கானிக் பார்த்திருக்கிறான். "நீங்க என்ன எழுதிருக்கீங்க அண்ணாச்சி?" "நானா, கடல் பிரயாணம், ஆறு பாகம்" என்றேன். "யா அல்லா, ஆறு பாகமா!" நம்பிவிட்டான் பாவம், மரியாதையாக நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

அந்த அட்டைக்குப் பிறகும் ஐந்து பேரில் அவளை எடுத்து நேரில் வரச் சொல்லிவிட்டார்கள், உள்ளே போய்ச் சொல்லப்போவது தயார். பஸ்ஸில் வரும்போதே திருமங்கலம் தாண்டுவதற்குள் கட்டி முடித்துவிட்டேன், ஓட்டை இல்லாத கதை. தொண்டையில் மறுபடி கோளாறு, டாக்டர் பேசக்கூடாது, பிரயாணம் கூடாது என்றுவிட்டார், ஆனால் கை நன்றாக இருக்கிறது, எழுதுகிறாள், நீங்கள் குறிப்பைக் கொடுங்கள், நான் வாங்கிக்கொண்டு போகிறேன், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நானே கொண்டுவந்து கொடுக்கிறேன், தபால்காரன் மாதிரி. நம்புவார்கள். என் கதையை நம்பாதவர்கள் யார், அவளைத் தவிர. ஆறு மாசம். மாசி வரைக்கும் அவள் இருப்பாள், மெர்சி கேட்பாள், மேடத்துக்குத் தேவலையா, தேவலை, மேடம் என்ன பண்றாங்க, குளிக்கிறா, பிறகு புத்தகம் வரும், அட்டையில் பேர், பேருக்கு முன்னால் நான். நல்ல கதை. ஆனால் வாரத்துக்கு வாரம் எழுதப்போவது யார். ஒரு அத்தியாயத்திலேயே அழாதவனை அழ வைத்துவிட்டேன், முப்பது அத்தியாயத்தைக் கையில் கொடுத்தால் அந்தச் சொக்கலிங்கத்தைத் தேரில் ஏற்றிவிடமாட்டேனா, அடுப்பைக் குறைத்து வைத்தவள் இருந்த இடம் தெரியாமல் போய்விடுவாளே, ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறதுதான் அவள், மீதி அவளுக்கு என்ன இருக்கிறது, ஒரு ரேஷன் கார்டு, இரண்டு போட்டோ, அதிலும் ஒன்றில் கண்ணை மூடியிருக்கிறாள். உள்ளதைச் சொல்லிவிட்டால், ஆள் இல்லாத பிரதிக்கு ஆசான் எதற்கு, விதியிலேயே போட்டிருக்கிறது, எழுதியவர் நேரில் வந்து உழைக்க வேண்டும் என்று, கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், புத்தகமும் இல்லை, மெர்சியும் நாளைக்கு இருந்தாங்க என்பாள். சொல்லாவிட்டால் அவளை நானே வாரம் ஒரு அத்தியாயமாக அழித்துவிடுவேன். மோட்டார் நின்றுவிட்டது. கதவு திறந்து மூன்றாவது ஆள் வெளியே வருகிறார், கண் சிவந்திருக்கிறது, சந்தோஷமா துக்கமா தெரியவில்லை.

"ராஜகனி மேடம்!" பின்னாலேயே மெர்சி. குரலை வைத்து ஒல்லியாக நினைத்திருந்தேன், நல்ல பூசினாற்போல் உடம்பு, கையில் தண்ணீர் பாட்டில். எழுந்தேன், முழங்கால் சடக்கென்றது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது, "ஐயாதானே? குரல் கேக்காமலே கண்டுபிடிச்சிட்டேன் பாத்தீங்களா. மேடம் எங்க, கீழ இருக்காங்களா? படி ஏற முடியலையா? ஐயோ, முதல்லயே சொல்லியிருக்கலாமே, மேல ஏன் ஏறணும், நாங்களே கீழ வர்றோம்" என்று உள்ளே திரும்பி, "சார், மேடம் கீழ ஆட்டோவுல இருக்காங்களாம், நாம இறங்கிரலாம்" என்றாள். நான் ஆட்டோ என்று சொல்லவே இல்லை. நான் ஒன்றுமே சொல்லவில்லை, அவளாகவே கட்டிவிட்டாள். உள்ளே நாற்காலிகள் இழுபடுகிற சத்தம், மூன்று பேரும் எழுந்திருக்கிறார்கள், இப்ராஹிம்கூட எழுந்து, "வந்துட்டாங்களா, நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி மெல்ல உட்கார்கிறான், மெர்சி படியில் இறங்கிவிட்டாள், செருப்புச் சத்தம் டக் டக் என்று அவளைப் பார்க்க ஓடுகிறது, திருப்பத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு மனுஷி இன்னொரு மனுஷியைப் பார்க்கப் போகிற அவசரம், என் ஆயுசில் எத்தனையோ பேரைக் கதை சொல்லி ஓட வைத்திருக்கிறேன், இப்படி ஓடினவளை நான் பார்த்ததில்லை. "நில்லும்மா" என்றேன். கேட்கவில்லை. "மெர்சி, நில்லு!"

நின்றாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து படி இறங்கினேன். "கீழ யாரும் இல்லம்மா. அவ செத்துப்போயிட்டா." அந்த வாக்கியத்தை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மச்சினன்தான் போன் பண்ணினான், மகன்தான் போஸ்டர் அடித்தான், என் வாய்க்கு அது புதுசு. அவள் சிரிக்க ஆரம்பித்தாள், "ஐயா, உங்க விளையாட்டுக்கு ஒரு அளவு இல்லையா, இதைப் போயி," என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தாள், பாட்டிலை இன்னொரு கைக்கு மாற்றினாள். "எப்போ?" "பங்குனி பதினொண்ணு. நீ முதல் தடவை போன் பண்றதுக்குப் பதினெட்டு நாள் முன்னாடி." மேலே படியின் உச்சியில் நடுவர்கள் வந்து நிற்பது தெரிகிறது. "அந்தத் திருத்தின அத்தியாயம் நான் எழுதினது. அவ எழுதலை. அதைக் கிழிச்சுருங்க, முதல்ல உள்ளதுதான் அவளுது. அந்த ஆளு அழுதானான்னு எனக்குத் தெரியலை, அழுதான்னு அவ எழுதலைன்னா அழலைதான். இடத்தை மேல இருக்கிற அந்தத் தேவகோட்டைக்காரருக்குக் கொடுத்துருங்க." மெர்சி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "எப்படி ஐயா?" ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என்றேன், ஆட்டோவில். ரயில்வே கேட் போட்டிருந்தது, சரக்கு வண்டி, நாற்பத்திரண்டு பெட்டி, என் தோளில் சாய்ந்திருந்தாள், மூச்சு இழுத்தது, பயந்துவிடக்கூடாதே என்று நான் ஒரு கதை ஆரம்பித்தேன், வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "கதையில எந்த இடத்துல அவ போனான்னு தெரியாதும்மா. நான் முடிச்சுட்டு, சிரிப்பான்னு காத்துக்கிட்டிருந்தேன். ஆட்டோக்காரர்தான் திரும்பிப் பார்த்தாரு." மெர்சி சேலையை ஒதுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் நகர்ந்தாள், நான் உட்கார்ந்தேன், சிமெண்டுப் படி சில்லென்று இருந்தது, அவள் மெதுவாக, "என்ன கதை ஐயா சொல்லிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள், சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை, எந்தக் கதை, எந்த ஊர், யார் வந்தார்கள், எங்கே சிரிக்க வேண்டும், தலைக்குள் துழாவித் துழாவிப் பார்க்கிறேன், பெட்டி பெட்டியாக வண்டிதான் போகிறது. "ஞாபகம் இல்லம்மா" என்றேன்.